மூக்குப் பக்கம் போன கண்

கண் மருத்துவமனையில் ஸ்கேன் எடுப்பது என் வேலை. பேசுவது என் வியாதி. "பச்சைப் புள்ளியப் பாருங்க, சிமிட்டாதீங்க, அடடா, சூப்பர்" என்று ஒரு நாளைக்கு நாற்பது பேரிடம் சொல்வேன். பாதிப் பேர் என் வாயிலிருந்து தப்பிக்கவே ஒழுங்காகப் பார்த்து முடித்துவிடுவார்கள்.

அன்று என் எதிரே உட்கார்ந்திருந்தவர் அக்காவின் கணவர். கிரேன் ஓட்டுகிறவர். ஆறு மாடி உயரக் கூண்டிலிருந்து இரும்புப் பெட்டியைக் கீழே நிற்கும் லாரியில் பூப்போல இறக்குவார். வருடா வருடம் கண் டாக்டர் கையெழுத்துப் போட்டால்தான் கூண்டுக்குள் போக முடியும்.

படத்தைப் பார்த்த டாக்டரம்மா உதட்டைப் பிதுக்கினார். "இடது கண்ணுல நரம்பு உள்ள வர்ற இடம் போன வருஷம் தட்டையா இருந்துச்சு. இப்ப ஒரு ஓரம் இழுத்த மாதிரி சாஞ்சிருக்கு. காரணம் தெரியாம நான் கையெழுத்துப் போட முடியாது."

மாமா தலையாட்டிவிட்டு வெளியே போனார். கூட வந்திருந்த அக்கா என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னடா, கூண்டு ஏற முடியாதாமே?"

"இப்போதைக்குத்தான்க்கா."

"இவர் ஒரு வாரம் வீட்டுல இருந்தா எனக்கே சமைக்கக் கத்துக்கொடுப்பார்டா" என்றாள். சிரிக்கத்தான் பார்த்தாள். கண் கலங்கிவிட்டது.

நான் இயந்திரத்துக்கு ஓடினேன். ஸ்கேன் எடுக்கும்போது கண்ணை வெளியிலிருந்தும் ஒரு சின்னப் படம் எடுத்து வைக்கும். அதை யாரும் சீண்டமாட்டோம். மாமாவின் இடது கண் படத்தில் ஒரு மூலையை மூக்கு அடைத்துக்கொண்டு நின்றது. முகம் நேராக இருந்தால் மூக்குக்கு அங்கே என்ன வேலை?

அப்போதுதான் உறைத்தது. மாமாவுக்கு இடது காது மந்தம். நான் உட்காருவதோ அவருக்கு இடப்பக்கம். நான் ஓயாமல் பேச, அவர் நல்ல காதை எனக்குக் கொடுப்பதற்காக முகத்தை இடப்பக்கம் திருப்பியிருக்கிறார். பச்சைப் புள்ளியை விடாமலிருக்க இடது கண்ணை மூக்குப் பக்கம் ஓட்டியிருக்கிறார். கண் அப்படி ஒதுங்கினால் பின்னாலிருக்கும் நரம்பின் தளர்வு தீர்ந்துபோகும். கட்டிய கயிறு போல விழியைப் பிடித்து இழுக்கும். நுழையும் இடம் சாயாமல் என்ன செய்யும்?

"டாக்டர், தப்பு என்னோடது. இன்னொரு தடவை எடுக்கணும்."

"மச்சான் பாசமா?" என்றார் டாக்டரம்மா. "நல்ல படம் வர்ற வரைக்கும் எடுத்துட்டே இருப்பியா?"

"நல்லதும் எடுப்பேன், கெட்டதும் எடுப்பேன். நீங்க பக்கத்துலயே நில்லுங்க."

வந்து நின்றார். நான் மாமாவை மறுபடி உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, முகத்தை நேராக்கி, வாயை மூடிக்கொண்டேன். என் வாழ்நாளிலேயே நீளமான ஒரு நிமிடம். தட்டையாக வந்தது, போன வருடத்துப் படத்தின் மேல் வைத்தால் பொருந்துகிற அளவுக்கு. அடுத்து முகத்தை நானே இடப்பக்கம் திருப்பி எடுத்தேன். சாய்ந்தது. மறுபடி நேராக, மறுபடி தட்டை.

"டெஸ்ட் எனக்குப் பண்றீங்களா, மிஷினுக்குப் பண்றீங்களா?" என்றார் மாமா.

"உங்க மச்சானுக்கு" என்றார் டாக்டரம்மா. "உங்க நரம்பு நல்லாத்தான் இருக்கு. திங்கக்கிழமை ஏறுங்க."

மாமா எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். கதவைத் திறந்ததுமே, "ஏய், ஏறலாமாம்!" என்று அவர் கத்தியது மாடி வரை கேட்டிருக்கும்.

டாக்டரம்மா சான்றிதழில் கையெழுத்துப் போட்டார். பிறகு முதல் படத்தை என் பக்கம் நகர்த்தி, ஏன் செல்லாது என்று எழுதச் சொன்னார். 'ஸ்கேன் எடுத்தவர் அதிகம் பேசியதால் தலை திரும்பியது' என்று எழுதி, கீழே என் பெயரைப் போட்டேன்.