நிற்கத் தெரியாத மிஷின்

அந்த மிஷின் வீட்டுக்குள் வந்த நாளிலிருந்தே மாயக்காளுக்கு அதன்மேல் சக்களத்திக் கோபம்.

மகன் பாண்டிராஜ் ஆசையாய் வாங்கி வந்தது. பந்தல்குடி ரோட்டில் காலை நடை போன அப்பாவை நாய் விரட்டிவிட்டதாம். இனி ரோடு கிடையாது, கூடத்து டிரெட்மில்லில்தான் நடை. "ரெண்டும் ஒண்ணுதாம்ப்பா. இங்க நாயும் இல்ல, லாரியும் இல்ல."

நாய் இல்லைதான். மாயக்காளும் அல்லவா இல்லை? பேரப்பிள்ளைகளும் டிவியுமாக இரைகிற வீட்டில், புருஷனும் பெண்டாட்டியும் தனியாகப் பேசிக்கொள்ள அந்த நடை ஒன்றுதான் மிச்சமிருந்தது. அவர் முன்னால் போவார். இவள் பின்னாலிருந்து வம்பிழுத்துக்கொண்டே போவாள். திரும்பிப் பார்க்காமலே பதில் வரும். மிஷினில் ஓராளுக்குத்தான் இடம்.

புருஷன் வீரபாண்டியாவது மறுத்துச் சொன்னாரா? ரோட்டில் வாய்க்கால் தாண்டுவதுபோல் எட்டி வைக்கிற மனுஷர், மிஷினில் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு, சுடுமணலில் நடப்பதுபோல் பொடி நடை நடந்தார். கேட்டால், "ஜம்முனு இருக்குப்பா" என்று மகனிடம் சிரிப்பு வேறு.

"மாமா நல்லா நடக்குறாகல்ல அத்தை?" என்றாள் மருமகள் செல்வலட்சுமி.

"ஆமா, செக்குமாடு கணக்கா."

அன்று காலை மாயக்காளுக்குப் பொறுக்கவில்லை. மகனும் மருமகளும் பார்த்திருக்க, அவருக்குப் பின்னால் போய் நின்றாள். வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"ஏங்க, நரிக்குடிச் சம்மந்தி வாராக!"

மகளைக் கட்டிக் கொடுத்த இடம். எதிரில் கண்டால் நின்று கும்பிடாமல் அடுத்த எட்டு வைக்கலாமா? வீரபாண்டி கம்பியை விட்டார், நின்றார், இரு கையும் கூப்பினார். மிஷினுக்கு ஏது சம்மந்தி? கும்பிட்ட கையோடு அவரைப் பின்னால் கொண்டுவந்து மாயக்காள் மேல் சாய்த்தது. வளைத்துப் பிடித்துக்கொண்டவள் உடனே விடவுமில்லை. செல்வலட்சுமி வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்கு ஓடினாள்.

பாண்டிராஜ் பதறி சுவிட்சை அணைத்தான். "இது வேணாம்ப்பா. நீங்க ரெண்டு பேரும் ரோட்டுக்கே போங்க. நாய்க்கு ஒரு கம்ப மட்டும் கையில எடுத்துக்கங்க."

மறுநாள் ரோட்டில் முன்னால் போனவரின் முதுகு குலுங்கியது.

"என்ன, தனியாச் சிரிப்பு?"

"சம்மந்தி ராமேஸ்வரத்துல இருக்காரு. முந்தின நாளே போன் போட்டுச் சொன்னாரு."

மாயக்காள் அப்படியே நின்றுவிட்டாள். "பெறகு எதுக்குக் கைய விட்டீக?"

"ஆசையா வாங்கியாந்த பயகிட்ட வேணாம்னு சொல்ல வாய் வரலத்தா. நீ பின்னால நிக்கிறது தெரிஞ்சுச்சு. விட்டுட்டேன்."

"கூறுகெட்ட மனுசன்!"

அவர் நிற்கவில்லை, எட்டி நடந்தார். பிடிப்பதற்கு மாயக்காள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓட வேண்டியிருந்தது.