‘விடு’ சொல்லாமப் போன மெக்கானிக்

பிரேக் மெக்கானிக்கோட பொண்டாட்டி நாலு வருஷம் பிரேக் பெடல்ல இருந்து வலது கால எடுக்கல. எப்படித் தூங்கினா, எப்படிக் குளிச்சான்னா, எல்லாம் நடந்துச்சு, அவ்ளோதான். ஷெட்டுக்குள்ள ஒரு வெள்ள வண்டி, நாலு சக்கரமும் கழட்டி ஸ்டாண்டு மேல நிக்கும், டிரைவர் சீட்ல அவ. அந்த வண்டிக்காரர் பாவம், நாலு வருஷமும் பஸ்லதான் போனார்.

பிரேக்ல காத்து எடுக்குற வேலைக்கு ரெண்டு பேர் வேணும். ஒருத்தர் உள்ள உக்காந்து பெடல அமுக்கணும். இன்னொருத்தர் சக்கரத்துக்கிட்ட குத்தவச்சு ஒரு சின்னத் திருகத் தொறந்து, ஆயிலோட வர்ற குமிழியெல்லாம் வெளிய விட்டு மூடணும். ஆயில அமுக்கிச் சுருக்க முடியாது பாருங்க, காத்தச் சுருக்கலாம். குழாய்ல சுத்தமா ஆயில் மட்டும் இருந்தா இங்க மிதிச்ச மிதி அங்க சக்கரத்துக்கு அப்படியே போயிரும், ஒரு முனைல அமுக்கினா எல்லா முனையிலயும் அதே அமுக்கம். நடுவுல குமிழி மாட்டுச்சோ, பஞ்சு மூட்டைய மிதிச்ச மாதிரிதான். அதனால அந்த ஷெட்ல ஒரு சட்டம் உண்டு. அவர் ‘அமுக்கு’ன்னா அமுக்கணும், ‘புடி’ன்னா புடிச்சுக்கணும், ‘விடு’ன்னு சொல்லாம கால எடுக்கவே கூடாது, எடுத்தா காத்து திரும்ப உள்ள போயிரும். கல்யாணமான புதுசுல ஒரே ஒரு தடவ எடுத்துட்டா. அத மனுஷன் பன்னெண்டு வருஷமா சொல்லிச் சொல்லிக் காட்டிட்டிருந்தார்.

அன்னைக்கு ‘புடி’ன்னு சொல்லிட்டு அவர் திருக மூடுற நேரம், ஆயில் பாட்டில் அவ கண்ணுல பட்டுச்சு. போன மழைக்காலத்துல தொறந்தது. பிரேக் ஆயிலும் உப்பு மாதிரிதான், தொறந்து வச்சா காத்துல இருக்குற ஈரத்த இழுத்துக்கும். எறக்கத்துல மிதிச்சு மிதிச்சு சூடேறினா அந்த ஈரம் ஆவியாயிரும், ஆவியும் காத்தும் ஒண்ணுதானே. “வாசல்ல நிக்குற அந்த டாக்ஸிக்கும் நேத்து இதத்தான் ஊத்துனீங்களா?”ன்னு கேட்டுட்டா. அவருக்கு மூக்குக்கு மேல கோவம். “இந்த ஷெட்ல மெக்கானிக் நீயா நானா? அதே டாக்ஸிய மலைல ஏத்தி எறக்கிக் காட்டுறேன் பாரு!”ன்னு சாவிய எடுத்துட்டுப் போயிட்டார். ‘விடு’ சொல்லல. “சொல்ற வரைக்கும் நானும் எடுக்கல”ன்னு இவ உக்காந்துட்டா. ரெண்டு பேரும் புடிச்ச மொயலுக்கு மூணே காலு.

மலைல இருந்து எறங்கும்போது ஏழாவது வளைவுல டாக்ஸியோட பெடல் தரை வரைக்கும் போயிருச்சு. அவ சொன்ன அதே ஆவி. முன்னால பாதாளம். வெளிம்புக்கு நாலு விரக்கட இருக்கும்போது நாலு சக்கரமும் தானா நின்னுருச்சு. அப்புறம் பெரிய லாரி சங்கிலி போட்டு இழுத்துச்சு, சங்கிலிதான் அறுந்துச்சு. அவர் சீட்ல இருந்து எந்திரிக்கப் பாத்தா வண்டி முன்னால நகரப் பாக்கும், அதனால அவரும் உக்காந்துட்டார்.

விஷயத்தக் கண்டுபுடிச்சது அவரோட தங்கச்சிதான், எதிர் வீட்டு டெய்லர். ஒரு வியாழக்கெழம நாலு பத்துக்கு ஷெட்ல அண்ணிக்குக் கால் மரத்துப்போய் நூலளவு தளந்துச்சு. அதே நாலு பத்துக்கு மலைல வண்டி ஒரு விரக்கட நகந்துச்சு. மிச்சம் மூணு. அண்ணன நிறுத்தி வச்சிருக்கிறது அண்ணியோட காலுன்னு அன்னைக்கே தெரு பூரா தெரிஞ்சுபோச்சு. அதுக்கப்புறம் அவ வீம்புக்கு உக்காரல, பயத்துல உக்காந்தா.

நாத்தனார் தெனம் சாப்பாடு கட்டிட்டு பஸ்ல மலைக்குப் போவா, சேதியோட திரும்பி வருவா.

“அண்ணி, கால் வலிக்குதான்னு கேக்குறார்.”

“வலிக்குதுன்னு சொல்லு. எடுக்கட்டுமான்னும் கேளு.”

“உங்களுக்கு நடுவுல நான்தான் தேஞ்சு போறேன்!”

இப்படியே நாலு வருஷம். டாக்ஸி டயருக்கு அடியில புல்லு மொளச்சுது. இவ சீட்ல இருந்தே ஷெட்ட நடத்தினா, ரிப்பேருக்கு வந்தவங்கள வச்சே திருகு திருக விட்டா, யாரும் குத்தம் சொல்லல.

நாலாவது வருஷம் ஒரு புது மாடல் வண்டிக்கு பிரேக் மஞ்ச லைட்டு எரியுதுன்னு, பிரேக்குக்கு மாட்டுற கம்ப்யூட்டர் பொட்டியோட ஒரு பொண்ணு வந்தா. இவளுக்குச் சும்மா இருக்க முடியுமா, அந்தப் பொட்டி என்னதான் செய்யும்னு கேட்டா. “அக்கா, நின்னுபோன சக்கரத்துக்குத் திசை கிடையாது. ஸ்டீயரிங்க எப்படித் திருப்பினாலும் வண்டி நேராத்தான் வழுக்கும். ஒவ்வொரு சக்கரத்துலயும் ஒரு சென்சார், சுத்துதா நிக்குதான்னு பாத்துக்கிட்டே இருக்கும். நின்னா பொட்டி பிரேக்க லேசா விடும், உடனே புடிக்கும். ஒரு நொடிக்குப் பத்து தடவ. விட்டு விட்டுப் புடிச்சாத்தான் வண்டி திரும்பும்.”

இவ குனிஞ்சு பெடல் மேல இருந்த காலப் பாத்தா. அப்புறம் நாத்தனார மலைக்கு அனுப்பி, போனப் போட்டு அவர் காதுல வைக்கச் சொன்னா. நாலு வருஷத்துல மொத தடவ நேரா பேசினா.

“ஸ்டீயரிங்க ரோட்டுப் பக்கம் ஒடிச்சுப் புடிங்க. நான் விட்டு விட்டுப் புடிக்கிறேன். ஆனா நீங்க சொன்னாத்தான்.”

மூணு விரக்கட தூரத்துல பாதாளத்தப் பாத்துட்டு இருக்குற மனுஷன் கிட்ட விடச் சொல்லுன்னா?

“அந்த ஆயில் பழசுதான்”ன்னார் கடைசில. ஸ்டீயரிங்க ரோட்டுப் பக்கம் ஒடிச்சார். “விடு.”

அவ கால் துடிக்க ஆரம்பிச்சுது, கண்ணுக்கே தெரியாத துடிப்பு. மலைல டாக்ஸி ரெண்டு விரக்கட முன்னால போச்சு, மூக்கு மெதுவாத் திரும்புச்சு, ரோட்டுக்கு வந்துருச்சு. பக்கத்து சீட்ல போனப் புடிச்சிருந்த நாத்தனார் கண்ணத் தொறந்தப்ப வண்டி அடுத்த வளைவுல இருந்துச்சு. அங்கிருந்து ஷெட்டு வரைக்கும் ஒண்ணர மணி நேரம், ‘விடு’, ‘புடி’, ‘விடு’ன்னு போன்லயே எறங்கி வந்தாங்க. ரோட்டுல இன்னைக்கும் தையல் போட்ட மாதிரி கறுப்புக் கோடு இருக்கு.

டாக்ஸிய வாசல்ல நிறுத்தி சக்கரத்துக்குக் கல்லு வச்சுட்டு, வெள்ள வண்டி ஜன்னல் பக்கம் குனிஞ்சு நின்னார். தாடி நெஞ்சு வரைக்கும். “இப்ப முழுசா விடு”ன்னார். எடுத்தா. உள்ளங்கால்ல பெடல் ரப்பரோட வரி அப்படியே பதிஞ்சிருந்துச்சு. அவர் கையால பெடல ஒரு தடவ அமுக்கிப் பாத்துட்டு, “துளி காத்து இல்ல”ன்னார். புது பாட்டில் ஒண்ணத் தொறந்து, அது மேல தொறந்த தேதிய எழுதினார், வெள்ள வண்டிக்கு நாலு சக்கரத்தயும் மாட்டினார். சாயங்காலம் வண்டிக்காரர் வந்து தெருமுன வரைக்கும் ஓட்டிப் பாத்தார். பிரேக் நல்லாப் புடிக்குதுன்னு சொல்லிட்டு எடுத்துட்டுப் போனார்.