ரோட்டுப் பக்கத்துச் சன்னல்

ராபியா என்ன படிக்கிறாள் என்று குன்னூர் கடைவீதியில் யாருக்கும் சரியாகத் தெரியாது. அவளைப் பெற்ற அப்துல் கஃபார் ராவுத்தருக்கே தெரியாது என்பதுதான் உண்மை. அவர் கடையில் மெழுகுவத்தி, மண்ணெண்ணெய், பெட்ரோமாக்ஸ் விளக்கு, குடை எல்லாம் கிடைக்கும். மகள் மெட்ராஸில் பி.ஏ. படிக்கிறாள் என்ற செய்தியும் கூடவே கிடைக்கும், கேட்டாலும் கேட்காவிட்டாலும். பி.ஏ.வில் என்ன பாடம் என்று யாராவது அடுத்த கேள்வியைப் போட்டுவிட்டால் மட்டும் ராவுத்தர் தராசைத் துடைக்க ஆரம்பித்துவிடுவார்.

1938-ஆம் வருஷம். அந்தப் பெண்கள் கல்லூரியில் ஓவிய வரலாறு என்று ஒரு பாடத்தைப் புதிதாகத் தொடங்கியிருந்தார்கள். சேர்ந்தவர்கள் மூன்றே பேர். மற்ற இருவரும் வக்கீல் வீட்டுப் பெண்கள், அவர்கள் பேசிக்கொள்வதற்கு ஒருவருக்கொருவர் இருந்தார்கள். ராபியாவுக்கு அங்கேயும் ஆளில்லை, இங்கேயும் ஆளில்லை. முதல் லீவில் வந்தபோது அம்மா கேட்டாள்.

"படம் போடக் கத்துக் குடுக்கறாங்களா?"

"இல்லம்மா. மத்தவங்க போட்ட படத்தப் பத்திப் படிக்கறது."

"அதுக்கு எதுக்கு மெட்ராசு வரைக்கும் போவோணும்?"

ராபியாவிடம் பதில் இருந்தது. ஆனால் அது இங்கிலீஷில் இருந்தது. அதைச் சொல்ல ஆரம்பித்தால் அம்மா அடுப்பைப் பார்க்கப் போய்விடுவாள் என்பதும் தெரிந்திருந்தது. அன்றிலிருந்து வீட்டில் அவள் படிப்பைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டாள்.

இரண்டாம் வருஷம் டிசம்பர் லீவுக்கு முன்னால் மிஸ் ஹார்ட்லி ஒரு கட்டுரை எழுதச் சொன்னார். மூன்று பேருக்கும் பாடம் நடத்துகிற வெள்ளைக்கார அம்மா அவர்தான். "ஊருக்குப் போய் உங்கள் கண்ணால் பார்க்கிற ஒரு படைப்பைப் பற்றி எழுதி வாருங்கள். புத்தகத்தைப் பார்த்து எழுதினால் எனக்குத் தெரிந்துவிடும்" என்றார். இதில் தேறினால்தான் கடைசி வருஷம். ராவுத்தரோ முன்பே சொல்லி வைத்திருந்தார், ஒரு வருஷம் தவறினாலும் பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்துவிட வேண்டியதுதான் என்று. கோபமாகச் சொல்லவில்லை, கடைக்கணக்கை மூடுகிற மாதிரி அமைதியாகத்தான் சொன்னார். அதனால்தான் அவளுக்குப் பயமாக இருந்தது.

வக்கீல் வீட்டுப் பெண்களுக்குக் காஞ்சிபுரம் இருந்தது. நீலகிரியில் ராபியாவுக்கு என்ன இருக்கிறது? கண்ணுக்கெட்டிய வரை தேயிலைச் செடி. துரைமார் பங்களாச் சுவரில் மான் தலை இருக்கிறதாம், அதைச் செய்தவன் மனிதன் இல்லை. யோசித்து யோசித்து அவளுக்கு ஒன்று அகப்பட்டது. கோத்தகிரி ரோட்டில், எஸ்டேட் துரைகளுக்கென்று கட்டிய சின்ன சர்ச் ஒன்று. அதில் சீமையிலிருந்து பெட்டியில் வந்த வண்ணக் கண்ணாடிச் சன்னல் ஒன்று உண்டு. பதினெட்டு வருஷமாக அந்த சர்ச்சுக்கு மெழுகுவத்தி போடுவது அவளுடைய அத்தா ராவுத்தர்தான்.

அடுத்த முறை மெழுகுவத்தி போனபோது கடை வண்டியில் அவளும் ஏறிக்கொண்டாள். சர்ச்சைக் கூட்டித் துடைக்கிற பொன்ராஜ் பின்வாசலில் பெட்டியை வாங்கி வைத்தார். அவள் விஷயத்தைச் சொன்னதும் தலையைச் சொறிந்தார்.

"உள்ள உட முடியாதுங்க அம்மிணி. இது தொரைங்களுக்கு மட்டும். நானே வேதக்காரன், எனக்கே கீழ கூலி லைனுப் பக்கத்துல இருக்கற ஜெபக்கூடந்தானுங்க. தொடைக்கறதுக்குத்தான் உள்ள போறேன்."

"ஒரு அஞ்சு நிமிசம்?"

"என்ற வேல போயிருமுங்க."

ராபியா பின்வாசலை விட்டு நகர்ந்தாள். ரோட்டுப் பக்கம் சுற்றி வந்து சன்னலைப் பார்த்தாள். பகல் வெளிச்சத்தில் அது அடிப்பிடித்த சட்டி மாதிரி கறுப்பாக இருந்தது. ஈயக் கோடுகள் மட்டும் தெரிந்தன. அவள் முகத்தைப் பார்த்துப் பொன்ராஜுக்கே பாவமாகிவிட்டது.

"ஞாயித்துக்கெழம பொழுதோட ஆராதன நடக்குமுங்க. உள்ள வெளக்கேத்துனா ரோட்டுலருந்து நல்லாவே தெரியும். குளுருல நடுங்கற பிச்சக்காரனுக்குத் தம் போர்வைல பாதியக் கிழிச்சுக் குடுத்தாரே ஒரு சிப்பாய், அவரு படந்தானுங்க."

மூன்று ஞாயிறு போனாள். தனியாக அனுப்ப முடியாதென்று ராவுத்தரும் வந்தார். வந்தாரே தவிர, வண்டியில் சன்னலுக்கு முதுகைக் காட்டி, மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு, தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உருவப் படத்தைப் பார்க்க அவருக்கு மனமில்லை. ரோட்டின் எதிர்ப்பக்கம் சில்வர் ஓக் மரத்தடியில், குடையைத் தோளில் சாய்த்து, விரல் விறைக்க விறைக்க ராபியா குறிப்பெடுத்தாள். உள்ளே விளக்குகளை ஏற்றியதும் சிவப்பும் நீலமும் மஞ்சளுமாகச் சன்னல் எழுந்து நின்றது. ஆலங்கட்டியில் உடைந்த கீழ்ப்பகுதியில் மட்டும் தகரம் அடித்திருந்தார்கள். அதுவரை கறுப்பு வெள்ளைப் படங்களையே பார்த்துப் பார்த்துப் படித்தவள் அவள். அந்தச் சிவப்பைப் பார்த்ததும் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. யாரையாவது கூப்பிட்டுக் காட்ட வேண்டும் போலிருந்தது. திரும்பினால் அத்தாவின் முதுகுதான் இருந்தது.

குதிரைமேல் சிப்பாய். தரையில் பிச்சைக்காரன். மூன்றாம் ஞாயிறுதான் அவள் அதைக் கவனித்தாள். சிப்பாய் துணியை இடது கையால் நீட்டுகிறான். அவள் கட்டுரை முழுக்க அந்தக் கையிலிருந்தே பிறந்தது. 'வலது கை கடிவாளத்தை விடவில்லை. குதிரை எந்த நிமிஷமும் கிளம்பிவிடும். அவன் இறங்கி வரவில்லை. எங்கள் ஊரில் பிச்சையைக்கூட இடது கையால் போடமாட்டார்கள். இவன் மிச்சமிருக்கிற கையால் கொடுக்கிறான். இது ஓவியருக்குத் தெரிந்திருக்கிறது, பிச்சைக்காரனின் முகத்திலும் தெரிகிறது.' இப்படி மூன்று பக்கம். எழுதி முடித்த அன்று, தான் படிக்க வந்தது வீண்போகவில்லை என்று அவளுக்கு முதன்முறையாகத் தோன்றியது.

ஜனவரியில் கட்டுரை திரும்பி வந்தது. குறுக்கே சிவப்பு மையில் ஒரு வரி: 'வலது கை. நீ இதைப் பார்த்தாயா?'

மிஸ் ஹார்ட்லி தம் அறைக்குக் கூப்பிட்டார். "இரண்டு கோடைக்கு முன்னால் குன்னூரில் தங்கியிருந்தேன். அந்தச் சன்னலுக்கு நேர் எதிரே உட்கார்ந்து ஆறு வாரம் ஜெபம் செய்திருக்கிறேன். அவன் வலது கையால் கொடுக்கிறான். நீ ஏதோ புத்தகத்தில் திருப்பி அச்சான படத்தைப் பார்த்து எழுதியிருக்கிறாய்."

ராபியாவுக்குச் சட்டென்று புரிந்தது. வகுப்பில் எத்தனையோ முறை ஸ்லைடைத் திருப்பிப் போட்டு எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். திருப்பிப் போட்டால் வலது இடதாகிவிடும். அவள்தான் இந்த முறை திரும்பின பக்கத்தில் நின்றிருக்கிறாள்.

"நான் வெளியே நின்று பார்த்தேன், மிஸ்."

"வெளியே ஏன்? கதவு திறந்துதானே இருக்கும்?"

அவர் கேலி செய்யவில்லை, நிஜமாகவே கேட்டார். அதுதான் ராபியாவால் தாங்க முடியவில்லை.

"எங்களுக்கு இல்லை, மிஸ்."

மிஸ் ஹார்ட்லி மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார். பிறகு பேப்பரை அவள் பக்கம் நகர்த்தினார். "சரி. கையை மட்டும் திருத்திக் கொடு. பாஸ் போடுகிறேன்."

நல்ல மனசோடுதான் சொன்னார். ராபியா ஹாஸ்டலில் உட்கார்ந்து இடது என்ற இடத்திலெல்லாம் வலது என்று போட்டுப் பார்த்தாள். ஒரு சிப்பாய் ஒரு பிச்சைக்காரனுக்குத் துணி கொடுக்கிறான் என்பதற்கு மேல் கட்டுரையில் ஒன்றும் மிஞ்சவில்லை. திருத்தியதையெல்லாம் அடித்தாள். கட்டுரையின் தலையில் ஒரு வரி சேர்த்தாள்: 'இந்தச் சன்னலை நான் ரோட்டில் நின்று பார்த்தேன்.' வேறு எதையும் மாற்றாமல் கொண்டுபோய் வைத்தாள். வைத்துவிட்டு, பெட்டியைக் கட்ட வேண்டியிருக்கும் என்று மூன்று நாள் காத்திருந்தாள்.

திரும்பி வந்த பேப்பரில் மிஸ் ஹார்ட்லி தாம் எழுதிய சிவப்பு வரியை அடித்திருந்தார். நூற்றுக்கு நாற்பது போட்டிருந்தார். நாற்பது வாங்கினால் பாஸ். அதைப் பற்றி அப்புறம் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. வகுப்பில் ராபியாவின் முகத்தைப் பார்ப்பதையும் குறைத்துக்கொண்டார்.

மே மாத லீவில் ஊருக்கு வந்தவள், கடையில் ஆளில்லாத மத்தியானத்தில் அத்தாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். சொல்ல வேறு யாரும் இல்லை. ராவுத்தருக்கு ஓவியம் புரியவில்லை, மகள் பொய் சொன்னதாக டீச்சர் சொன்னது மட்டும் நன்றாகப் புரிந்தது.

"மூணு ஞாயிறு அந்தக் குளுருல நின்ன புள்ளையவா அப்புடிக் கேட்டாங்க? என்னையக் கேட்டிருந்தா நானே சாச்சி சொல்லியிருப்பேனே."

"நீங்கதான் ஒருக்காகூடத் திரும்பிப் பாக்கலீங்களே, அத்தா."

சண்டைக்காகச் சொல்லவில்லை, உள்ளதைத்தான் சொன்னாள். ராவுத்தர் தராசைத் துடைத்தார். அன்று முழுக்கத் துடைத்துக்கொண்டே இருந்தார் என்று அம்மா சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவரே வண்டியைப் பூட்டினார். "ஏறு" என்றார். அவள் குடையை எடுத்துக்கொண்டு ஏறினாள். கோடை மழை இருட்டிக்கொண்டு வந்திருந்ததால் உள்ளே சீக்கிரமே விளக்கேற்றிவிட்டார்கள். சில்வர் ஓக் மரத்தடியில் ராவுத்தர் வண்டியை விட்டு இறங்கினார். தஸ்பீஹை ஜிப்பாப் பையில் போட்டுக்கொண்டார். மகள் குடைக்குள் வந்து நின்று, தலையைத் தூக்கிப் பார்த்தார்.

நெடுநேரம் பார்த்தார். உள்ளே பாட்டு ஆரம்பித்து, ஓய்ந்து, மறுபடி ஆரம்பித்தது.

"ஏம்மா" என்றார் மெதுவாக. "எடது கைல குடுக்கறான் பாரு. கீழ கெடக்கறவன் மொகம் அதனாலதான் அப்புடி இருக்குது."

ராபியா அவரைத் திருத்தவில்லை. "ஆமாங்க அத்தா" என்று சொல்லிவிட்டுக் குடையை அவர் பக்கம் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தாள்.