சகலை திறந்த கடிகாரம்

என் சகலைக்கு ஓடுகிற எதையும் கண்டால் கை சும்மா இராது. நின்றுபோன கடிகாரங்கள் ஊரில் எவ்வளவோ கிடக்கின்றன. அவற்றின் பக்கம் அவர் திரும்பமாட்டார். நன்றாக ஓடுவதைத்தான் திறப்பார். திறந்த பிறகு அது ஓடாது. "ரிப்பேர் பாத்துக்கிட்டிருக்கேன்" என்பார்.

என் மனைவியின் அக்காள் கணவர் அவர். அலுவலகத்தில் நாற்காலி வேலை. மாலையில் மிச்சமிருக்கிற தெம்பை எங்கே கொட்டுவது என்று தெரியாமல் போன வருடம் இந்தப் பொழுதுபோக்கில் விழுந்தார். படுக்கையறை ஜன்னலோரம் மேசை போட்டார். மேசை மேல் சுழலும் தட்டில் ஒன்பது திருப்புளி, பொடிச் சாமானைப் பிடித்தெடுக்க நான்கு சாமணம், கண்ணில் இடுக்கிக்கொள்ளும் லென்ஸ், தூசி படாமல் மூடி வைக்கக் கண்ணாடிக் கிண்ணம், எண்ணெய் தொட்டு வைக்க ஐந்து நிறத்தில் ஐந்து குச்சி. ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல் என்பார்கள். இவர் ஒவ்வொரு முறையும் புதுக் கூடம் வாங்கினார்.

அப்படிப்பட்டவர் கையில் என் மனைவியின் கைக்கடிகாரம் மாட்டியது. சாவி கொடுத்து ஓடுகிற சின்னக் கடிகாரம். சலவைக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்து முதல் சம்பளத்தில் அவள் வாங்கியது. அப்போது நான் அவளுக்கு யாரோ. எங்கள் வீட்டில் கட்டில், பாத்திரம், கஷ்டம் எல்லாம் பொது. அது ஒன்றுதான் அவளுடையது. ஒரு விருந்தில் சகலை அவள் மணிக்கட்டை உற்றுப் பார்த்து, இரண்டு நிமிடம் பிந்துகிறதே என்றார். இருபது வருடமாக அப்படித்தான் ஓடுகிறது அத்தான் என்று அவள் சொல்லியும் விடவில்லை. அக்காள் முகம் சுருங்குவதற்குள் கழற்றிக் கொடுத்துவிட்டாள்.

கொடுத்து மூன்று மாதம். திறந்த அன்றே உள்ளே சுருண்டிருந்த மெயின் ஸ்பிரிங் எகிறி, விளக்கில் மோதி, இரண்டாக ஒடிந்தது. புது ஸ்பிரிங் வரவழைத்தார், பொருந்தவில்லை. மறுபடி வரவழைத்தார்; அதுவும் அகலம். விற்றவர்கள் எல்லாம் திருடர்கள் என்றார். கேட்டால் அக்காளுக்குக் கோபம் வரும் என்று என் மனைவி வாயைத் திறக்கவில்லை. ஆனால் வேலைக்குக் கிளம்பும்போது தினமும் வெறும் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்துக்கொள்வாள்.

போன வாரம் அக்காளே வந்து பெருமையாகச் சொன்னாள். ஸ்பிரிங் உட்காரும் டப்பாவை அரத்தால் ராவி அகலப்படுத்தப் போகிறாராம். அரம் புதிதாக வாங்கியாயிற்றாம்.

அவள் போனதும் என் மனைவி என்னிடம் வந்தாள்.

"அரத்தை வெச்சார்னா அதோட அது செத்துச்சு. எப்படியாவது வாங்கிட்டு வந்துருங்க. அக்காகிட்ட சண்டை வராம."

நான் சுமைகூலி. கடிகாரச் சாமான் விற்கும் தெருவில் பதினோரு வருடமாகப் பெட்டி இறக்குகிறேன். ஒருநாள் கூலியை விட்டுவிட்டு, அந்தத் தெருவில் எனக்குத் தெரிந்த கடை ஒன்று இருக்கிறது, வாருங்கள் என்று சகலையைக் கிளப்பினேன். கடை என்றதும் அரத்தைக் கீழே வைத்தார். கடிகாரத்தையும் எடுத்துக்கொண்டார். எதில் தெரியுமா? கிழமைக்கு ஒரு அறையாகப் பிரித்த மாத்திரை டப்பாவில். ஞாயிற்றுக்கிழமையில் அடித்தகடு, திங்களில் சக்கரங்கள், செவ்வாயில் முட்கள். என் மனைவியின் இருபது வருடத்தை ஒரு வாரத்துக்குள் அடக்கிவிட்டார்.

மாடிப்படி ஏறினால் கடை. தரையிலிருந்து கூரைவரை சின்னச் சின்ன இழுப்பறைகள். நடுவில் கடைக்காரம்மா. உள்ளறையில் கதவுக்கு முதுகைக் காட்டி அவள் கணவர் வேலை செய்துகொண்டிருந்தார்.

"என்ன மூட்டைக்காரரே, இன்னைக்குச் சுமை இல்லையா?"

"கூடவே நடந்து வருது" என்றேன்.

சுமை அதற்குள் கண்ணாடிப் பெட்டியில் மூக்கை வைத்துவிட்டது. ஸ்பிரிங்கைப் பற்றிக் கேட்கும் முன்பே ஒரு சாமணம், ஒரு காற்றூதும் ரப்பர் குமிழ், முள்ளைக் கழற்றும் கருவி மூன்றையும் எடுத்து வைத்தார். முள் கழற்றும் கருவி வீட்டில் ஏற்கெனவே இரண்டு இருக்கிறது. கழற்றுவதற்குத்தான் எத்தனை கருவி! மாட்டுவதற்கு அவர் ஒன்றும் வாங்கி நான் பார்த்ததில்லை.

கடைசியில் எண் எழுதிய சீட்டை நீட்டினார். கடைக்காரம்மா பார்த்துவிட்டு ஒரு உறையை எடுத்தாள். உள்ளே இருந்தது அதே அகல ஸ்பிரிங். மூன்றாவது முறை. கடைக்காரம்மாவும் திருடர் பட்டியலில் சேருகிற நேரம்.

நான் நாற்பது வயதுக்குமேல் எழுத்துக் கூட்டிப் படித்தவன். அப்படிப் படித்தவனுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எழுத்து என்று எதைக் கண்டாலும், தீப்பெட்டியானாலும் தகர டின்னானாலும், படிக்காமல் விடமாட்டான். வரும் வழியில் மாத்திரை டப்பாவை மடியில் வைத்திருந்தபோது ஞாயிற்றுக்கிழமைத் தகட்டைப் படித்திருந்தேன். சக்கரம் ஆடுகிற இடத்துக்குக் கீழே எறும்புக் கால் போல ஒரு எண். சீட்டில் இருந்தது அதுவல்ல.

சொன்னேன். சகலை சிரித்தார்.

"அது கம்பெனிக்காரன் போட்ட ஏதோ குறி, சகலை. உங்களுக்கு அதெல்லாம் புரியாது. நம்பர் பின்மூடியில கொட்டை எழுத்துல இருக்கு."

கடைக்காரம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள்.

"மூடி நம்பரை வெச்சு மூடிதான் வாங்கலாம். மெஷின் நம்பர் மெஷின்லதான் இருக்கும். அவர் படிச்சதுதான் சரி."

ஒன்பது திருப்புளியும் படித்த படிப்பும் அந்த இடத்தில் கொஞ்சம் தலைகுனிந்தன. சரியான ஸ்பிரிங் மூன்றாவது வரிசை இழுப்பறையில் இருந்தது. சகலை உடனே கையை நீட்டினார். வீட்டில் வைத்து அவரே போடுவாராம்.

இப்போது விட்டால் இன்னும் மூன்று மாதம். கடை மேசைக்குக் கீழே ஒரு தகரப் பெட்டி நிறையப் பழைய கடிகாரங்கள் கண்ணில் பட்டன. எடைக்கு விற்பவை. ஒன்றுகூட ஓடாது. ஓடாததை அவர் தொடமாட்டார்தான்; ஆனால் புகழ்ந்தால் எதையும் தொடுவார்.

"சகலை, உங்க கைக்கு ஒரு லேடீஸ் வாட்ச் எந்த மூலைக்கு? இதுல இருக்கறது அத்தனையும் சவாலாச்சே" என்றேன்.

கண் மின்னியது. முழங்காலிட்டு உட்கார்ந்து இரண்டு கையாலும் அள்ளினார். மாத்திரை டப்பா மேசையில் கேட்பாரற்றுக் கிடந்தது. ஸ்பிரிங்கோடு சேர்த்து உள்ளறைக்குள் கொண்டுபோய் வைத்தேன். கடைக்காரம்மாவின் கணவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"சனிக்கிழமை ஏன் காலியா இருக்கு? ஒரு ஸ்க்ரூ குறையுதே."

"அது தேவையில்லாத ஸ்க்ரூ" என்றது தகரப் பெட்டிப் பக்கமிருந்து குரல்.

அவர் தன் இழுப்பறையிலிருந்து ஒன்றைப் பொறுக்கிக்கொண்டார். மாலையில் கடிகாரம் ஓடியது.

என் மனைவி அதைக் காதில் வைத்துக் கேட்டாள். மறுநாள் சலவைக்கூட மணியோடு ஒத்துப்பார்த்துவிட்டு வந்து சொன்னாள்: "ரெண்டு நிமிஷம் பிந்துது." அவள் அப்படிச் சிரித்து நாளாயிற்று.

ஞாயிற்றுக்கிழமை சகலை வந்தார். எப்படி ஓடுகிறது என் வேலை என்று கேட்டார். "உங்க புண்ணியம் அத்தான், நல்லா ஓடுது" என்றாள் அவள், இடது கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு. அவர் திருப்தியாகச் சாய்ந்து உட்கார்ந்தார். பிறகு தலையை ஒருபக்கம் சாய்த்து எதையோ உன்னிப்பாகக் கேட்டார்.

"சுவர்க் கடிகாரம் லேசா நொண்டுதே, சகலை?"

நான் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் அவருக்கும் சுவருக்கும் நடுவில் உட்கார்ந்தேன்.