தொட்டிக்கு ஒரு மூடி

சபையில் எந்தக் குழாய் ஒழுகினாலும் பிளம்பரைத்தான் கூப்பிடுவார்கள். அவருக்கும் சொந்தமாக ஒரு பெயர் உண்டு. வீட்டில் கூப்பிட ஆளில்லாததால் அது சும்மா கிடந்தது.

குழாய்களைவிட அவருக்கு முக்கியம் மேடைக்கு அடியில் இருந்த தொட்டி. ஞானஸ்நானம் கொடுக்கக் கட்டியது. மேல் பலகைகளைத் தூக்கினால் படிகள் தெரியும். நிரப்பினால் தண்ணீர் நெஞ்சு வரைக்கும் நிற்கும். மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை அதைத் தேய்த்துக் கழுவி, நிரப்பி, ஹீட்டரைப் போட்டு, முழங்கையை நனைத்துச் சூடு பார்ப்பார், கைக்குழந்தையைக் குளிப்பாட்டுகிறவர்கள் பார்ப்பது போல. ஞாயிறு சாயங்காலம் அடைப்பானைப் பிடுங்கி அவ்வளவு தண்ணீரையும் விட்டுவிடுவார். யாரும் இறங்கியிருக்க மாட்டார்கள். சபையில் இருந்தவர்கள் என்றைக்கோ இறங்கி ஏறியவர்கள். புதிதாக வருகிறவர்களோ, காப்பி நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு மறுவாரம் காணாமல் போகிறவர்கள்.

"யாருக்குண்ணே இந்த வெந்நீர்?" என்று கமிட்டிக்காரர்கள் கேலி செய்வார்கள்.

"வர்றவங்களுக்கு," என்பார்.

மகளுக்கு என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

அவர் மனைவி அந்தத் தொட்டியில் இறங்கியது நல்ல குளிர்காலத்தில். அப்போது ஹீட்டர் கிடையாது. எழுந்தபோது பல் தந்தியடித்தது. சபையே சிரித்தது, அவளும் சிரித்தாள். துண்டோடு வெளியே நின்ற இவரைப் பார்த்து, "அடுத்தது நீங்க," என்றாள்.

"பாப்பா வளரட்டும். ரெண்டு பேரும் சேர்ந்து இறங்குறோம்," என்றார்.

அன்றைக்கு அந்தப் பதில் அழகாகத்தான் இருந்தது. மறுமாதமே ஹீட்டர் வாங்கிப் போட்டார். மற்றவர்கள் வெதுவெதுப்பாக இறங்கினார்கள். இவர் வெளியே நின்று அடைப்பானைக் கவனித்துக்கொண்டார். இந்தத் தொட்டியின் நாடி நரம்பெல்லாம் தெரிந்த மனுஷன் இதில் இறங்காமல் இருப்பார் என்று யாருக்குத் தோன்றும்? பாஸ்டர்கள் மாறினார்கள். ஒருத்தரும் கேட்கவில்லை. இவரும் வாய் திறக்கவில்லை.

பாப்பா வளர்ந்தாள். அம்மா படுத்த படுக்கையானபோது வீட்டில் எல்லோரையும்விட அதிகமாக ஜெபித்தது அவள்தான். அம்மா போன பிறகு சபை வாசலை மிதிக்கவில்லை. வெளியூரில் ஓர் ஆஸ்பத்திரி லேபில் வேலை. போன் செய்வாள், மாத்திரை, மழை, சாப்பாடு என்று பேசி வைத்துவிடுவாள். ஒருதரம் இவர் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, "நீ வந்தா சேர்ந்து இறங்கலாம்மா," என்று சொன்னதற்கு, "பாக்கலாம்பா," என்றாள். பார்க்கலாம் என்றால் நம் ஆட்களிடம் என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரியாதா? தெரிந்தும் அந்த ஒரு வார்த்தையை வைத்துக் குடும்பம் நடத்தினார். ஒற்றைத் தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, டி.வி. சத்தத்தைப் பேச்சுத்துணைக்கு வைத்துக்கொண்டு, அடுத்த கடைசிச் சனிக்கிழமைக்காக நாளைத் தள்ளினார்.

இந்த நேரத்தில்தான் கமிட்டிக்கு டிரம்ஸ் வாங்கும் ஆசை வந்தது. டிரம்ஸ் வைக்க மேடையில் அதிராத இடம் வேண்டும். தொட்டியை ஆணி அடித்து நிரந்தரமாக மூடிவிடலாம், யாருக்காவது ஞானஸ்நானம் என்றால் பக்கத்துச் சபையில் கேட்டுக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று. திங்கட்கிழமை காலை தச்சர் வருவார்.

சனிக்கிழமை தொட்டியை நிரப்பிவிட்டு, அதன் ஓரத்திலேயே உட்கார்ந்து மகளுக்கு போன் போட்டார்.

"நாளைக்கு வந்துட்டுப் போயேம்மா. திங்கக்கிழமை மூடிடுவாங்க."

"வரலப்பா. டியூட்டி இருக்குன்னு பொய் சொல்லலாம். சொல்ல விரும்பல." அவளே தொடர்ந்தாள். "ஏம்பா, நீங்க இன்னுமா இறங்கல?"

"உனக்காகத்தானம்மா காத்துக்கிட்டு இருக்கேன்."

"என்னைச் சாக்கு வைக்காதீங்கப்பா." அவள் குரல் கடுப்பாக ஆரம்பித்து, நடுவில் உடைந்தது. "அம்மா காத்துக்கிட்டு இருந்தது உங்களுக்காக. யாருக்கு ஞானஸ்நானம்னாலும் பையில ரெண்டு துண்டு எடுத்துட்டுப் போவாங்களே, எதுக்குன்னு நினைச்சீங்க? உங்களுக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு."

தலைக்கு ஒன்று, உடம்புக்கு ஒன்றா என்று இவர் கிண்டல் செய்திருக்கிறார். மனைவி சிரித்துவிட்டுப் பையை மூடிக்கொள்வாள்.

"கடைசி வாரத்துலகூட, 'அந்த மனுஷன் இறங்குவாருடி, ஆண்டவர் விட மாட்டாரு'ன்னு சிரிச்சுக்கிட்டே சொன்னாங்கப்பா. அவ்வளவு வலியிலயும் எப்படிச் சிரிச்சாங்கன்னு எனக்கு இன்னும் புரியல."

போனை வைத்த பிறகு பிளம்பர் அழுதார். பெரிய கூடம், யாரும் இல்லை, நன்றாகவே அழுதார். அவரும் காத்திருந்தார்தான், ஆனால் வராத பஸ்ஸுக்குக் காத்திருப்பவரைப் போல, வந்தால் டிரைவரைப் பிடித்துத் திட்டுகிற கோபத்தோடு. மனைவியோ ஒரு நாள்கூட நச்சரித்ததில்லை. கல்யாண வீட்டுக்குக் கிளம்புகிறவளைப் போல ஒவ்வொரு தடவையும் துண்டை மடித்து வைத்தாள். அந்த நாள் வந்துவிடும் என்று தெரிந்தவர்களுக்குத்தான் அப்படி மடிக்க வரும். வீட்டுக்குப் போகும் வழியில் இரும்புக் கடையில் ஒரு வேலை இருந்தது, அதை முடித்துக்கொண்டு போனார்.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் எல்லோரும் பிள்ளைகுட்டிகளோடு கிளம்பினார்கள். கூடம் காலியானது. அவர் அடைப்பானைப் பிடுங்கவில்லை. சூடு குறையாமல் மட்டும் பார்த்துக்கொண்டார்.

திங்கட்கிழமை காலை பாஸ்டர் வந்தபோது தச்சர் வண்டியிலிருந்து பலகைகளை இறக்கிவிட்டிருந்தார். பிளம்பர் ஹீட்டரைக் கழற்றி ஓரமாக வைத்துக்கொண்டிருந்தார்.

"என்னண்ணே, தண்ணிய இன்னும் விடலையா?"

"ஒரு ஆள் பாக்கி, பாஸ்டர்."

"யாரு?"

"நான்தான்."

பாஸ்டர் இளவயசுக்காரர், சிரித்துவிட்டார். பிளம்பர் தோளில் துண்டைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. "நீங்க எடுக்கலையா? உங்களுக்கு எப்பவோ ஆயிருக்கும்னு..."

"எல்லாரும் அப்படித்தான் நினைச்சாங்க. எனக்கும் அது வசதியா இருந்துச்சு."

"அப்ப ஞாயித்துக்கிழமை சபையில வெச்சுக்கலாம்ணே. எல்லாரும் இருப்பாங்க. இதை ஒரு வாரம் தள்ளிப் போட்டுடலாம்."

"தள்ளிப் போட்டுத்தான் பாஸ்டர் இந்த வயசாச்சு."

பாஸ்டர் கைக்கடிகாரத்தையும் செருப்பையும் கழற்றிவிட்டு, போட்டிருந்த உடுப்போடேயே இறங்கினார். சபைக்குச் சம்பந்தமில்லாத தச்சர், எதற்கும் இருக்கட்டும் என்று காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு நிமிர்ந்து நின்றார்.

பிளம்பர் தோள் துண்டை ஓரமாக வைத்துவிட்டுப் படியில் கால் வைத்தார். இத்தனை வருஷம் முழங்கை மட்டுமே அறிந்த சூடு உடம்பெல்லாம் ஏறியது. பாஸ்டர் கேட்டதற்கெல்லாம் "ஆமா, விசுவாசிக்கிறேன்," என்றார். குரல் கூடத்தில் தனியாகக் கேட்டது. அவர் மனைவி இல்லை, மகள் இல்லை, பாட்டுப் பாட ஒரு ஆள் இல்லை. மூழ்கினார், எழுந்தார்.

எழுந்ததும் சிரிப்பு வந்தது. தந்தியடிக்கப் பல்லுக்குக் காரணமே இல்லை, தண்ணீர் அவ்வளவு இதமாக இருந்தது. இருந்தும் நிறுத்த முடியாமல் சிரித்தார். மனைவியின் அந்தச் சிரிப்பு, இப்போதுதான் அவரிடம் வந்து சேர்ந்தது. பின்னாலேயே அழுகையும் வந்தது.

தச்சர் ஓடிப்போய்த் துண்டை நீட்டினார். படியேறி வந்த பாஸ்டர், சொட்டச் சொட்ட, பிளம்பரின் பைமேல் மடித்து வைத்திருந்த இன்னொரு துண்டுக்குக் கையை நீட்டினார்.

"அது வேண்டாம் பாஸ்டர்," என்று பிளம்பர் தன் தோளில் இருந்த ஈரத்துண்டைக் கொடுத்தார். "அது இன்னொருத்தருக்கு."

பாஸ்டர் ஈரத்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். காய்ந்த துண்டையும் தொட்டியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பலகையைப் போட்டு ஆணி அடிச்சிடலாமா?" என்றார் தச்சர்.

"ஆணி வேண்டாம்," என்றார் பாஸ்டர். "கீல் வெச்சு, தூக்கித் திறக்கிற மாதிரி பண்ண முடியுமா? டிரம்ஸ் எங்கயாவது இருக்கட்டும், கமிட்டிகிட்ட நான் பேசிக்கிறேன்."

"பண்ணலாம். ஆனா கீலுக்குக் கடை திறக்கணுமே."

பிளம்பர் குனிந்து, துண்டைக் கலைக்காமல் நகர்த்தி, பையைத் திறந்தார். சனிக்கிழமையே வாங்கி வைத்திருந்தார்.