குஸ்கோவில் வேகாத சோறு

குஸ்கோவில் எங்கே நல்ல சாப்பாடு கிடைக்கும் என்று துபாய் கராமாவில் எந்தத் தமிழ்க் குடும்பத்தைக் கேட்டாலும் ஷியாமளா வீட்டைத்தான் கை காட்டுவார்கள். பெரு நாட்டில், ஆண்டிஸ் மலைமேல், இன்கா ராஜாக்கள் ஆண்ட அந்தப் பழைய ஊரை ஷியாமளா கண்ணால் பார்த்ததே இல்லை. இந்தப் பக்கம் திருச்சி, அந்தப் பக்கம் ஒரு ஈத் லீவில் போய் வந்த ஜார்ஜியா. அவ்வளவுதான் அவள் உலகம். ஆனாலும் கேட்டுப் பாருங்கள், கூச்சமே படாமல் சொல்வாள்.

“முதல் நாள் வயித்தை ரொப்பிக்காதீங்க. உசரமான ஊரு, தலை சுத்தும். சான் பெத்ரோ மார்க்கெட்டுக்குப் போங்க. ஜூஸ் கடையைத் தாண்டினா வரிசையா சூப் கடைங்க. உருளைக்கிழங்குன்னா அதுதான் உருளைக்கிழங்கு, ஊதா நிறத்துலகூட இருக்கு. சோளத்தை வேகவெச்சு மேல ஒரு துண்டு சீஸ் வெச்சுத் தருவாங்க, விடாதீங்க. மலையேறிக் களைச்சா சான் பிளாஸ் மேட்டுல சின்னச் சின்னக் கடைங்க இருக்கு. ஆனா எங்க போனாலும் கேட்டு வாங்கிச் சாப்பிடுங்க.”

சொல்லும்போது அவள் முகவாய் தானாகக் கொஞ்சம் உயரும். உயரட்டும். அது உயரவேண்டிய முகவாய்தான்.

விஷயம் இப்படி ஆரம்பித்தது. ஷியாமளாவின் ஒரே மகள் ஹர்ஷினி துபாயிலேயே பிறந்து வளர்ந்தவள். அல் கூஸில் ஒரு ஃபர்னிச்சர் கம்பெனியில் டிசைனர். கணவன் ரோஹித். ரோஹித்தின் அம்மா வீரம்மாள் மதுரையில் பூகோள டீச்சராக இருந்து ரிட்டயர் ஆனவர், சுத்த சைவம். வருஷா வருஷம் கரும்பலகையில் ஆண்டிஸ் மலையை வரைந்து வரைந்து, அதை ஒரு தடவையாவது நேரில் பார்த்துவிட வேண்டும் என்று அவருக்கு ஆசை. விசிட்டில் துபாய் வந்திருந்த மாமியாருக்காக, ரோஹித்தோடு மூவருமாகப் பெருவுக்குப் போய்வர ஹர்ஷினிதான் ஏற்பாடு செய்தாள்.

கிளம்புவதற்கு முந்தின வாரம் ஷியாமளா சம்பந்தியை விருந்துக்குக் கூப்பிட்டிருந்தாள். அவியல், மோர்க்குழம்பு, பால் பாயசம் என்று ஒரு குறையும் வைக்கவில்லை. வீரம்மாள் திருப்தியாகச் சாப்பிட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே சொன்னார்.

“மலையைப் பார்க்க ஆசைதான் சம்பந்தியம்மா. சாப்பாட்டை நெனச்சாத்தான் பயமா இருக்கு. அந்த ஊர்ல பெருச்சாளி மாதிரி ஏதோ ஒண்ணைச் சுட்டுத் திங்கறாங்களாமே! உங்க பொண்ணுக்கோ ஒரு சோறு வடிக்கத் தெரியாது. இவளை நம்பித்தான் நான் அவ்வளவு தூரம் போறேன்.”

ஹர்ஷினி ஃபோனிலிருந்து தலையைத் தூக்கி, “டோன்ட் வொர்ரி அத்தை, எங்க சாப்பிடலாம்னு எல்லாம் பார்த்து வெச்சிருக்கேன்” என்றாள். அவளுக்கு அது உறைக்கவே இல்லை. உறைத்தது பெற்றவளுக்கு. சிரித்துக்கொண்டு சொன்னால் மட்டும் குத்தல் குத்தாமல் போய்விடுமா? அதோடு, சொன்னது பொய்யும் இல்லை. படிக்கிற பிள்ளை கிச்சன் பக்கம் வரக்கூடாது என்று வீம்பாக வளர்த்தது ஷியாமளாவேதான். என் பெண்ணை வளர்த்த விதத்தைச் சொல்லிக் காட்டுகிறாளே என்று அவளுக்கு ஆத்திரமான ஆத்திரம்.

கல்ஃப் தமிழ்க் குடும்பம் லீவுக்கு எந்த நாட்டுக்குப் போனாலும் பாஸ்போர்ட்டை மறந்தாலும் மறக்கும், ரைஸ் குக்கரை மறக்காது. ஷியாமளாவின் சின்னக் குக்கர் ஜார்ஜியா வரை போய்ப் பேர் வாங்கி வந்தது. அதை எடுத்தாள். பொன்னி அரிசி, பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், வறுத்த மோர்மிளகாய் எல்லாம் கட்டினாள்.

“அம்மா, ப்ளீஸ், எனக்கு வேண்டாம்” என்றாள் ஹர்ஷினி.

“நீ பார்த்து வெச்ச லட்சணம் எனக்குத் தெரியும். ஓட்டல்ல ஒரு வார்த்தை கேட்டு வாங்கத் தெரியுமா உனக்கு?”

இதிலும் ஒரு பழைய கதை இருக்கிறது. ஓட்டலுக்குப் போனால் ஷியாமளா லேசில் ஆர்டர் கொடுக்கமாட்டாள். “பாய், சச் போலோ, நிஜத்தைச் சொல்லுங்க, இந்தக் குழம்புல கறித்தண்ணி கலந்தீங்களா? இதே கரண்டியாலதான் கோழியும் கிளறுறீங்களா?” என்று பங்களாதேஷ் பையனில் ஆரம்பித்து மலையாளி முதலாளி வரை விசாரணை நடக்கும். சந்தேகம் தீராவிட்டால் நேரே அடுப்படிக்குள்ளேயே போய்விடுவாள். சின்ன வயதில் ஹர்ஷினி, “எல்லாரும் பாக்கறாங்கம்மா” என்று மேஜைக்கு அடியில் புகுந்துகொள்வாள். கல்லூரிக்குப் போன பிறகு அம்மாவோடு ஓட்டலுக்கு வருவதையே நிறுத்திவிட்டாள். அப்படிப்பட்ட பெண் யாரை, என்ன கேட்டுவிடப்போகிறாள்?

ஆகவே குக்கர் மகளுக்குத் தெரியாமல் ஏர்போர்ட்டில் வீரம்மாளின் பெட்டிக்குள் போனது. “எங்க பொண்ணு உங்களைப் பட்டினி போடமாட்டா சம்பந்தியம்மா” என்று ஷியாமளா அழுத்திச் சொல்லி அனுப்பினாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம், குஸ்கோவில் காலை நேரம், வீரம்மாளிடமிருந்து வீடியோ கால் வந்தது. முகம் வாடியிருந்தது. “சம்பந்தியம்மா, இவங்க ரெண்டு பேரும் வெளிய எங்கயோ போயிருக்காங்க. எனக்குப் பசி தாங்கலை, உங்க குக்கர்ல அரிசி வெச்சேன். சுவிட்ச் அணைஞ்சுடுச்சு. அரிசி நறுக் நறுக்குங்குது.”

“இன்னும் ஒரு டம்ளர் தண்ணி ஊத்தி மறுபடி போடுங்க.”

மறுபடியும் கால் வந்தது. வீரம்மாள் கிண்ணத்தை ஃபோன் பக்கம் சாய்த்துக் காட்டினார். மேலே குழைந்த கஞ்சி, நடுவில் வேகாத அரிசி. “பொண்ணுக்குத்தான் சோறு வடிக்க வராதுன்னு நெனச்சேன்” என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டு, “சரி விடுங்க, தண்ணியைக் குடிச்சுட்டுப் படுக்கறேன்” என்று ஃபோனை வைத்துவிட்டார். ஷியாமளாவின் முகத்தில் ஈயாடவில்லை.

அந்த நேரம் பார்த்து அவள் கணவர் சேதுமாதவன் வந்து சேர்ந்தார். ராஸ் அல் கைமா சிமென்ட் ஃபேக்டரியில் இன்ஜினியர், வாரக் கடைசியில்தான் வீடு. விஷயத்தைக் கேட்டதும் விழுந்து விழுந்து சிரித்தார்.

“அந்த உசரத்துல தண்ணி சீக்கிரமே கொதிச்சுடும்டி. கொதிக்குமே ஒழிய அரிசி வேகற அளவுக்குச் சூடு இருக்காது. பிரஷர் குக்கர்னா வேகும். மலை மலையா போர்டுல வரைஞ்ச டீச்சருக்குமா இது ஞாபகம் வரலை?”

“முன்னாடியே சொல்றதுக்கு என்ன?”

“என்னைக் கேட்டா பேக் பண்ணே?”

ஷியாமளா மகளை அழைத்தாள். எடுக்கவில்லை. மறுபடி அழைத்தாள், அப்போதும் இல்லை. வீரம்மாள் வாய் சும்மா இருக்குமா? மதுரைக்குப் போனதும் கல்யாணத்துக்குக் கல்யாணம், காதுகுத்துக்குக் காதுகுத்து இதே பேச்சுத்தான்: ‘மருமக என்னைப் பட்டினி போட்டா, அவ அம்மா வேகாத சோறு போட்டா.’ நான் வீம்புக்குக் கட்டிக் கொடுத்த குக்கரால் என் குழந்தைக்குக் கெட்ட பெயர் வந்ததே என்று அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. தோசைமாவு மேடையிலேயே பொங்கி வழிந்துகொண்டிருந்தது. அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஒன்பது மணி வாக்கில் ஃபோன் அடித்தது. வீரம்மாள்தான். பின்னால் ஒரே சத்தம். பெரிய தொப்பியும் இரட்டைப் பின்னலுமாகப் பெண்கள் குறுக்கும் நெடுக்கும் போனார்கள்.

“சம்பந்தியம்மா, சாப்பிட்டுட்டேன்! வயிறு நெறைஞ்சுபோச்சு!” வாடிக் கிடந்த அந்த முகமா இது என்றிருந்தது. “கீன்வான்னு ஏதோ தானியம் போட்டு ஒரு சூப், நம்ம பருப்புக்கஞ்சி மாதிரி. மாவு மாவா உருளைக்கிழங்கு. அதுக்குத் தொட்டுக்கப் பச்சைமிளகாய்த் துவையல், நம்ம அம்மி மாதிரி கல்லுலயே அரைக்கறாங்க! உங்க மோர்மிளகாயை இந்தக் கடைக்காரம்மாவுக்குக் குடுத்தேன். இன்னொண்ணு குடுன்னு கேட்டு வாங்கித் தின்னாங்க.”

ஷியாமளாவுக்கு மூச்சு வந்தது. “எப்படி, யாரு கூட்டிட்டுப் போனா?”

“வேற யாரு, உங்க பொண்ணுதான். விடிஞ்சதுமே ரோஹித்தை இழுத்துக்கிட்டுக் கடை கடையா விசாரிக்கத்தான் வந்திருக்கா. எனக்கு அது தெரியாமப்போச்சு. அப்புறம் என்னைக் கூட்டிட்டு வந்தா. முதல் கடையில கறி இல்லைன்னு சத்தியமே பண்ணினாங்க. விட்டாளா இவ? சூப்புக்கு ஊத்தின தண்ணி எதுல கொதிச்சதுன்னு ஃபோன்ல மொழிபெயர்த்து அவங்க பாஷையிலேயே கேட்டா. எலும்புத் தண்ணியாம்! அடுத்த கடையிலயும் அதே. இந்தக் கடையில என்ன பண்ணினா தெரியுமா? மேஜையைச் சுத்திக்கிட்டு அடுப்படிக்குள்ளயே போயிட்டா. மூடியைத் திறந்து பார்த்தா, கரண்டியை மோந்து பார்த்தா. வேற பாத்திரம், வேற கரண்டி, வெறும் தண்ணின்னு சொல்லி, கூடவே நின்னு செய்யவெச்சா. சுத்தி எல்லாரும் வேடிக்கை பாக்கறாங்க, இவ கண்டுக்கவே இல்லை.”

சேதுமாதவன் மனைவியைப் பார்த்தார். ஷியாமளா ஃபோனை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

“சோறு வடிக்கத் தெரியாதுன்னு உங்க வீட்டுல உக்கார்ந்துக்கிட்டே சொன்னேன். தப்புத்தான், மனசுல வெச்சுக்காதீங்க” என்றார் வீரம்மாள். “எங்க கொண்டுபோய் விட்டாலும் இவ தானும் சாப்பிட்டு நாலு பேருக்கும் சாப்பாடு போட்டுடுவா. அது சரி, இப்படிக் கேக்க இவளுக்கு யாரு சொல்லிக் குடுத்தா?”

வாயில் சோளத்தை அடக்கிக்கொண்டு ஹர்ஷினி ஃபோனுக்குள் தலையை நீட்டினாள்.

“யாரும் சொல்லித் தரலை அத்தை. அம்மா கேப்பாங்க. நான் மேஜைக்கு அடியில உக்கார்ந்து கேட்டுட்டே இருப்பேன்.”