ரெண்டு தூண்டிலுக்கும் ஒரே மீன்

தையல்காரம்மாவின் பிரஸ் பட்டன் டப்பா காலியாக இருந்தது. குழந்தைச் சட்டை ஒன்று பட்டன் இல்லாமல் மெஷினில் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது.

"ஏங்க, இந்த டப்பால இருந்த பட்டனெல்லாம் எங்க?"

"எந்த டப்பா?"

கேள்விக்குக் கேள்வி வந்தால் திருடன் அவர்தான் என்பது அவளுக்குப் பழகிப்போன கணக்கு. பின்கட்டில் போய்ப் பார்த்தாள். மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவர் என்பதால் ஊரே அவரைக் காயில் என்றுதான் கூப்பிடும். அந்தக் காயில், துணி காயப்போடும் கிளிப் ஒன்றின் வாயில் அவளுடைய பட்டனை மேலொன்றும் கீழொன்றுமாகப் பற்றவைத்துக்கொண்டிருந்தார். மூக்கு நுனியில் கண்ணாடி, முகத்தில் அறுவை சிகிச்சை செய்கிறவரின் களை.

"கிளிப்பும் போச்சா? நேத்து துவைச்ச துணியெல்லாம் பக்கத்து வீட்டுக் கூரையில பறக்குதேன்னு பாத்தேன்."

"அதை விடு. இங்க பாரு. இந்த ரெண்டு பட்டனுக்கும் நடுவுல ஒரு பிளாஸ்டிக் துண்டு. துண்டைத் தூண்டில் நரம்போட கட்டிட்டேன். கெளுத்தி வந்து இரையைக் கவ்வி இழுக்குது. துண்டு உருவிக்கிட்டுப் போவுது. பட்டன் ரெண்டும் ஒட்டுது. கரன்ட் பாயுது. உடனே..."

அவர் துண்டை உருவினார். கிளிப்போடு ஒயரில் இணைத்திருந்த பெட்டிக்குள்ளிருந்து ஒரு பெண்குரல், ரொம்ப மரியாதையாக, "கவனிக்கவும். வாகனம் பின்னோக்கி வருகிறது" என்றது.

தையல்காரம்மா ஒரு எட்டுப் பின்வாங்கிவிட்டாள்.

"பழைய வேன்லேர்ந்து கழட்டினது" என்றார் காயில், பெருமை தாங்காமல்.

"மீன் வந்தா வண்டி வருதுன்னா சொல்லும்?"

"சத்தம்தான் முக்கியம். அது என்ன சொன்னா என்ன?"

"மீன் ஒதுங்கி வழி விட்டுடப் போவுது."

"உனக்கு விஞ்ஞானம் புரியாது."

புரியாவிட்டால் போகிறது. அவளுக்கு வேறு கவலை. மகள், ரத்தம் எடுக்கும் லேபில் வேலை பார்ப்பவள், கண்டக்டர் மகனைக் கட்டிக்கொள்வேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். பையனுக்கு வெளியூரில் வேலை கிடைத்து, மாசக் கடைசியில் போகிறான். அதற்குள் இரண்டு அப்பாக்களும் ஒன்றாக உட்கார்ந்து சரி என்று சொல்லிவிட வேண்டும். அப்பா சொல்லாமல் அந்தப் பையன் தலைமுடிகூட வெட்டிக்கொள்ள மாட்டான்.

பையன் நல்லவன், குடும்பம் நல்ல குடும்பம். சிக்கல் என்னவென்றால், இரண்டு அப்பாக்களும் மீன் பிடிக்கிறவர்கள்.

ஓய்வுபெற்ற கண்டக்டர் தூண்டில் கம்பின் நுனியில் சின்ன மணி ஒன்றை மாட்டியிருப்பார். மீன் கடித்தால் மணி அடிக்கும். வேறு விஞ்ஞானம் கிடையாது. அவர் ஒருநாள் டீக்கடையில் எல்லோருக்கும் கேட்கும்படி, "காயில் வச்சிருக்கறது மீன் பிடிக்கற மிஷின் இல்லப்பா, மீனை விரட்டற மிஷின்" என்றார். அதற்குக் காயில், "இவர் மணி அடிச்சா மீன் வரிசையில நின்னு டிக்கெட் எடுத்துட்டு ஏறிக்கும்" என்றார். அன்றிலிருந்து பேச்சு வார்த்தை இல்லை.

"அந்த மணியாட்டி வீட்டுலயா என் பொண்ணு வாழப் போகணும்?" என்பது காயிலின் கட்சி. எதிர்க்கட்சியின் வாசகமும் ஏறக்குறைய அதேதான் என்று கண்டக்டர் மனைவி வந்து சொன்னாள்.

இரண்டு அம்மாக்களுக்கும் சண்டை கிடையாது. கண்டக்டர் மனைவிக்கு இவள்தான் ரவிக்கை தைப்பவள். அளவெடுக்கிற சாக்கில் இருவரும் ஒரு திட்டம் போட்டார்கள்.

"ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ரெண்டு பேரையும் பாலத்துக்கிட்ட அனுப்பி வச்சிடுவோம் அக்கா. ஒருத்தர் வர்றது இன்னொருத்தருக்குத் தெரியக் கூடாது. எதிரெதிர்ல பாத்துட்டா எத்தனை நேரம்தான் மூஞ்சியைத் திருப்பிக்குவாங்க?"

"எங்க வீட்டுக்காரர் ரிட்டயர் ஆகற வரைக்கும் திருப்புவார்."

"அவர்தான் ரிட்டயர் ஆயிட்டாரே."

"அதைச் சொல்லேன் அவர்கிட்ட."

ஞாயிற்றுக்கிழமை, இரு பெண்களும் காற்று வாங்குகிறவர்களைப் போல நடைபாலத்தின் நடுவில் போய் நின்றுகொண்டார்கள். கீழே வாய்க்கால் கலங்கலாக ஓடிக்கொண்டிருந்தது. திட்டத்தில் ஒரே ஒரு ஓட்டை. அவர்கள் ஒரே கரையில் உட்காருவார்கள் என்று நினைத்தது.

காயில் இந்தக் கரை. கண்டக்டர் அந்தக் கரை. ஒருவரை ஒருவர் பார்த்ததும் இருவரும் ஒரே நேரத்தில் ஆகாயத்தில் மழைக்குறி இருக்கிறதா என்று பார்க்க ஆரம்பித்தார்கள். பிறகு நாணல் புதருக்குப் பின்னால் அவரவர் இடத்தில் குந்திவிட்டார்கள்.

"போச்சு" என்றாள் தையல்காரம்மா.

"இரு, இரு. இருட்டறதுக்குள்ள ஒருத்தருக்காவது தீப்பெட்டி தேவைப்படும்."

"ரெண்டு பேரும் பீடியை விட்டாச்சே அக்கா."

"இந்த நேரம் பாத்தா விட்டுத் தொலைக்கணும்?"

பாலத்தின் நடுத்தூணுக்குப் பின்னால் ஒரு பள்ளம் இருந்தது. ஓட்டம் தூணில் மோதிப் பிரிந்து, பின்னால் மந்தமாகிச் சுழலும். கெளுத்திகள் அந்தப் பள்ளத்தில் மீசையை விரித்துக்கொண்டு, வருகிறதைத் தின்றபடி சோம்பிக் கிடக்கும். இதை ஊரில் எல்லோரும் அறிவார்கள். ஆனால் அங்கே இரையைப் போடுவதுதான் பாடு. வீசி எறிந்தால் ஓட்டம் இழுத்துக்கொண்டு போய்விடும்.

காயில் அதற்கும் விஞ்ஞானம் வைத்திருந்தார். தெர்மோகோல் துண்டு ஒன்றைத் தெப்பமாக்கி, அதன் மேல் சர்க்கரைக் கட்டியால் இரையை நிறுத்தியிருந்தார். இரை என்றால் கோழி ஈரல். ஜாடியில் அடைத்து வெயிலில் வைத்து, வீட்டில் ஒருவரும் சாப்பிட முடியாத அளவுக்குப் பக்குவப்படுத்தியது. தெப்பம் மிதந்து போய்ப் பள்ளத்தின் மேல் சுழன்றுகொண்டு நிற்கும். சர்க்கரை கரையும். ஈரல் கெளுத்தியின் வாய்க்கு நேராக விழும். குளியலறைத் தொட்டியில் ஒரு வாரம் ஒத்திகை பார்த்திருந்தார். அந்த வாரம் யாரும் ஒழுங்காகக் குளிக்கவில்லை.

கண்டக்டர் ஈயக்குண்டைக் கட்டி ஓட்டத்தின் மேல்பக்கமாக வீசினார். "ரைட்!" என்றார், பழக்கத்தில். குண்டு அடித்தரையில் உருண்டு உருண்டு, அதே பள்ளத்துக்கு வந்து சேர்ந்தது.

கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒரே நேரத்தில் அந்தக் கரையில் மணி கிணுகிணுத்தது, இந்தக் கரையில் பெண்குரல் "கவனிக்கவும்" என்றது.

"ஹோல்டான்!" என்று கண்டக்டர் கம்பைத் தூக்கினார்.

"மாட்டிக்கிச்சு!" என்று காயில் எழுந்தார்.

கம்பு இரண்டும் வில்லாக வளைந்தன. கண்டக்டர் இழுத்தார், காயில் ஓரடி முன்னால் வந்தார். காயில் இழுத்தார், கண்டக்டரின் செருப்பு சேற்றில் வழுக்கியது.

"ஏய்யா, பன்னி கணக்கா இருக்கு!"

"வாகனம் பின்னோக்கி வருகிறது."

"வாடா, வாடா மீசைக்காரா! எத்தனை பேரைப் பாத்திருப்பேன் உன்னை மாதிரி, டிக்கெட் எடுக்காம!"

"இது கெளுத்தி இல்லடா, கெளுத்திக்குத் தாத்தா!"

பாலத்தின் மேலிருந்து கண்டக்டர் மனைவி கை தட்டினாள். "ரெண்டு பேருக்கும் மாட்டிச்சு பாத்தியா! இன்னிக்கு நல்ல நாள்தான்."

தையல்காரம்மா கை தட்டவில்லை. பாலத்துக் கம்பிக்கு மேலாக எட்டிப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"அக்கா. கீழ பாருங்க."

இரண்டு நரம்பும் இரண்டு கரையிலிருந்தும் வந்து, தூணுக்குப் பக்கத்தில் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன. முள்ளோடு முள் கோத்து, நடுவில் தெர்மோகோல் துண்டு தாலாட்டிக்கொண்டு, அதன் மேல் நாறிய ஈரல் அப்படியே உட்கார்ந்திருந்தது. மீன் என்ற பேச்சே கிடையாது. இவர் இழுக்க அவர் மீன், அவர் இழுக்க இவர் மீன்.

கண்டக்டர் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். "ஐயோ, நான் சொல்லிடறேன் அவர்கிட்ட..."

"சொன்னா?"

சிரிப்பு நின்றது. இரண்டு பேரும் அதை யோசித்துப் பார்த்தார்கள். சொன்னால் நாளைக்கு டீக்கடை முழுக்கச் சிரிக்கும். உன் நரம்புதான் என் நரம்பில் வந்து விழுந்தது என்று அவர் சொல்வார், இல்லை உன்னுடையதுதான் என்று இவர் சொல்வார். இந்த ஜென்மத்தில் சமாதானம் இல்லை. மாசக் கடைசியில் பையன் தனியாக வண்டி ஏறுவான்.

"யாராவது ஒருத்தர் ஜெயிச்சாலும் கெட்டுது அக்கா. இழுத்துக் கரையில போட்டதும் அடுத்தவரோட முள்ளு கூடவே வந்து நிக்கும்."

"அப்போ?"

தையல்காரம்மா இடுப்பில் செருகியிருந்த நூல் கத்தரியை எடுத்தாள். "என் காலைப் பிடிச்சுக்குங்க."

"ஏண்டி, இந்த வயசுல..."

"பிடிங்கன்னா!"

அவள் பலகையில் குப்புறப் படுத்து, கம்பிக்குக் கீழாகத் தலையையும் தோளையும் நுழைத்தாள். இரு பக்கமும் வெறிகொண்டு இழுத்ததில் முடிச்சு தண்ணீரை விட்டு மேலே எழும்பி, கைக்கு எட்டியும் எட்டாமலும் ஆடியது. தூணும் நாணலும் மறைத்ததால் கரையில் இருந்தவர்களுக்கு அது தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் பார்த்திருக்க மாட்டார்கள். இருவரும் கண்ணை இறுக மூடிக்கொண்டு பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்கள்.

"ஒண்ணை வெட்டினா இன்னொருத்தர் கையில குட்டு உடைஞ்சிடும்" என்று கீழே தொங்கியபடியே முனகினாள். "ரெண்டையும் ஒரே வெட்டுல."

"ஆகுமா?"

"ரெட்டைத் துணியைத் தினமும் வெட்டறவதானே அக்கா."

முடிச்சு ஒருமுறை நன்றாக எழும்பியது. இரண்டு நரம்பும் பக்கத்தில் பக்கத்தில் வந்தன. கத்தரி வாயைத் திறந்து, உள்ளே தள்ளி, ஒரே அமுக்கு.

முடிச்சும் தெப்பமும் தண்ணீரில் விழுந்து ஓட்டத்தோடு போயின. இந்தக் கரையில் காயில் மல்லாந்து நாணலுக்குள் போனார். அந்தக் கரையில் கண்டக்டர் சேற்றில் உட்கார்ந்தார்.

பிறகு அந்தக் கரையிலிருந்து, வருஷக்கணக்காகத் திறக்காத வாய் திறந்தது.

"உங்களுக்கும் போச்சா?"

"போச்சு. உங்களுக்கு?"

"அறுத்துட்டுப் போயிட்டான் ராஸ்கல்!"

இருவரும் ஓடாத குறையாகப் பாலத்துக்கு ஏறி வந்தார்கள். கண்டக்டர் முதுகெல்லாம் சேறு, காயில் தலையெல்லாம் நாணல்பூ. அறுந்த நரம்பின் நுனிகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்த்தார்கள்.

"கத்தி வச்ச மாதிரி வெட்டியிருக்கு பாருங்க. பல்லு அப்படி."

"ஒரே மீன்தான் சார். என் ஈரலைத் தின்னுட்டு, பசி அடங்காம உங்க இரைக்கும் வாயை வச்சிருக்கு."

"முதல்ல என்னோடதைத் தின்னுச்சு. மணி முதல்ல அடிச்சுதே."

"எங்க சத்தம்தான் முதல்ல..."

"ரெண்டையும் ஒரே வாயில போட்டிருக்கும்" என்று கண்டக்டர் மனைவி குறுக்கே விழுந்தாள். "அவ்வளவு பெரிய வாய்."

இருவரும் அதை மென்று பார்த்தார்கள். ருசித்தது.

காயில் பெருமூச்சு விட்டார். "என்ன பிரயோஜனம்? டீக்கடையில நான் சொன்னா எவன் நம்புவான்?"

"என்னை மட்டும் நம்பிடுவானா?"

உடம்பெல்லாம் தூசியோடு எழுந்து நின்ற தையல்காரம்மா, அடுப்பில் பால் பொங்குவதைப் பார்த்து இறக்குகிறவளைப் போலச் சட்டென்று சொன்னாள்: "தனித்தனியா சொன்னா நம்ப மாட்டாங்க. சம்பந்திங்க ரெண்டு பேரும் சேர்ந்து நின்னு சொன்னா யாரு இல்லைங்கறது?"

காயில் கண்டக்டரைப் பார்த்தார். கண்டக்டர் வாய்க்காலைப் பார்த்தார்.

"பையன் மாசக் கடைசியில போறானாமே" என்றார் காயில்.

"ஆமா. அதுக்கு முன்னாடி உக்காந்து பேசிட்டா நல்லது" என்றார் கண்டக்டர்.

பெண்கள் இருவரும் ஒருவர் கையை ஒருவர் கிள்ளிக்கொண்டார்கள்.

அடுத்த வாரம் கண்டக்டர் குடும்பம் தையல்காரம்மா வீட்டுக்கு வந்தது. சமையலறையில் மகளிடம் அவள் நடந்ததை நடந்தபடி சொன்னாள். நரம்பை வெட்டிவிட்டோம் என்பதற்காக மகளுக்கும் சேர்த்துப் பொய் சொல்ல மனசில்லை. மகள் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு கதவுப் பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள்.

"அவர்கிட்ட மட்டும் சொல்லிடாதம்மா."

"ஏண்டி? அவங்கப்பாவைப் பத்திக் கொஞ்சம் தெரிஞ்சுக்கட்டுமே."

"இல்லம்மா. அந்த மீனைத் தானே பிடிக்கப் போறாராம். வேலையில சேர்ற தேதியை ஒரு வாரம் தள்ளி வைப்பாங்களான்னு கேட்டு ஃபோன் பண்ணிட்டிருக்காரு."

தையல்காரம்மா மகளை ஏற இறங்கப் பார்த்தாள். "இன்னும் ஒண்ணும் கெட்டுப் போகல. நல்லா யோசிச்சுக்கோ."

"நீ அப்பாவைக் கட்டிக்கறப்ப யோசிச்சியா?"

பதில் சொல்ல அவள் வாயெடுத்தபோது கூடத்திலிருந்து காயில் கூப்பிட்டார். அங்கே கல்யாணத் தேதி ஒரு டீ ஆறுவதற்குள் முடிவாகியிருந்தது. மீனின் நீளம்தான் இன்னும் இழுத்துக்கொண்டிருந்தது. ஆளுக்கு ஒரு அளவு சொன்னால் டீக்கடையில் மாட்டிக்கொள்வோம் என்று கண்டக்டர் பயந்தார். நியாயமான பயம்தான்.

"இவளே, உன் அளவு டேப்பைக் கொண்டா."

கொண்டுபோய்க் கொடுத்தாள். ஒரு நுனியைக் கண்டக்டர் பிடித்துக்கொண்டார், மறு நுனியைக் காயில் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தார். டேப் முழுக்க நீண்டு விறைத்து நின்றது. மாப்பிள்ளைப் பையன் எழுந்து, வால் எங்கே முடியும் என்று தரையில் குறி வைக்கக் காத்திருந்தான்.

சம்பந்திகள் இருவரும் டேப்பைப் பார்த்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"இது பத்தாதே" என்றார் கண்டக்டர்.

"இன்னொரு டேப் இருக்கா பாரு" என்றார் காயில்.